‘அப்ரூவ்டு’ என்றால் பணம் வந்துவிட்டதா? உண்மை விளக்கம்

“கார்டு மெஷினில் ‘அப்ரூவ்டு’ வந்தால் பணம் உங்கள் கணக்கில் சேர்ந்துவிட்டது, இனி வாடிக்கையாளரால் திரும்பப் பெற முடியாது” என்று வணிகர்களிடையே ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

‘அப்ரூவ்டு’ என்பது ஆதரைசேஷன் (அனுமதி) மட்டுமே. கார்டு கொடுத்த வங்கி, கார்டு செல்லுமா, வரம்பு மீதி இருக்கிறதா என்று பார்த்து அந்தத் தொகையை ஒதுக்கி வைக்கிறது. பணம் இன்னும் நகரவில்லை. பரிவர்த்தனை கேப்சர் ஆகி (வசூலுக்கு உறுதியாகி), பேட்ச்சில் (பரிவர்த்தனைகளின் தொகுப்பில்) சேர்ந்து உங்கள் வங்கிக்குப் போன பிறகுதான் செட்டில்மென்ட், அதாவது பணம் உங்கள் கணக்கில் சேர்வது. பெரும்பாலும் 1 முதல் 3 வேலை நாட்கள் ஆகும். பேட்ச்சை மூடி அனுப்பாமல் விட்டால் (சில மெஷின்கள் தாமே மூடும், எல்லாம் அல்ல) ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். பொருள் கைமாறியிருக்கும், பணம் வராமலே போகலாம். இந்தச் செய்தியை நம்புகிறவர்களுக்கு நேரும் பெரிய நஷ்டம் இதுதான்.

செட்டில்மென்டுக்கு முன் ரத்து செய்தால் வாய்டு, பின் திருப்பித் தந்தால் ரீஃபண்டு. வாடிக்கையாளர் தன் வங்கியில் முறையிட்டுத் திரும்பப் பெறுவது சார்ஜ்பேக். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பல காரணங்களுக்கு இதற்கு 120 நாட்கள் வரை அவகாசம் உண்டு. அதுவரையாவது பில்லையும் டெலிவரிச் சான்றையும் வைத்திருங்கள்.

இந்த விதிகள் அந்நிறுவனங்களின் இணையதளங்களிலேயே உள்ளன. உங்கள் பணம் வந்ததா என்பதை செட்டில்மென்ட் அறிக்கையையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.