எனக்குள் நினைத்திருந்தேன்

நாகமான் கதை ஓய்வுநாள் பள்ளியிலேயே கேட்ட கதைதான். சீரியாவின் படைத்தலைவன், குஷ்டரோகி, யோர்தானில் ஏழு முறை முழுகினான், சுத்தமானான், அவ்வளவுதான். ஆனால் சமீபத்தில் அந்த அதிகாரத்தை (2 இராஜாக்கள் 5) திரும்ப வாசித்தபோது இத்தனை வருஷம் கண்ணில் படாத ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். தீர்க்கதரிசி எலிசா வெளியே வருவான், நின்று கர்த்தருடைய நாமத்தைத் தொழுவான், கையால் தடவுவான், நோய் போய்விடும் "என்று எனக்குள் நினைத்திருந்தேன்" என்று நாகமான் கோபத்தில் சொல்கிறானே, அந்த இடம்.

குணமாக வேண்டாம் என்று அவன் சொல்லவே இல்லை. பத்துத் தாலந்து வெள்ளி, ஆறாயிரம் சேக்கல் பொன், பத்து மாற்று வஸ்திரம் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு, குதிரையும் இரதமுமாக வந்து வாசலில் நிற்கிறான். தீர்க்கதரிசி எட்டிக்கூடப் பார்க்காமல் ஆள் அனுப்பி "போய் யோர்தானில் குளி" என்கிறான். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. எங்கள் ஊர் ஆப்னாவும் பர்பாரும் இந்த யோர்தானைவிட நல்ல ஆறுகள் ஆயிற்றே என்று திரும்பிவிட்டான்.

இதுவும் சுயசித்தம்தான், தன் இஷ்டப்படிதான் நடக்க வேண்டும் என்கிற பிடிவாதம். ஆனால் சுயசித்தம் என்றாலே நமக்கு உடனே யோனா தீர்க்கதரிசி ஞாபகம் வருவார். தேவன் நினிவேக்குப் போ என்றால் தர்ஷீசுக்குக் கப்பல் ஏறுவது. அப்படி முழுசாக எதிர்த்திசையில் ஓடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? நாம் தேவனிடம்தான் வருகிறோம், ஜெபம்தான் செய்கிறோம், ஆனால் அவர் என்ன செய்ய வேண்டும், எப்படிச் செய்ய வேண்டும், எந்த மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் நாமே முடிவு பண்ணி எடுத்துக்கொண்டு வருகிறோம். கடைசியில் "உம்முடைய சித்தம் ஆகட்டும்" என்கிறோமே, அது பாதி நேரம் நாம் எழுதிய மனுவில் அவரிடம் கையெழுத்து கேட்பதுதான். நான் மற்றவர்களைச் சொல்லவில்லை, என்னைத்தான் சொல்கிறேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். சபையில் பல வருஷமாகப் பாடல் நடத்துகிறேன். ஒரு சனிக்கிழமை பயிற்சியில், கீபோர்டு வாசிக்கும் தம்பி, "அண்ணே, இந்த ஸ்கேல் ரொம்ப மேலே இருக்கு, சபையால பாட முடியாது, ரெண்டு கட்டை இறக்கிடலாமா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. நான் எல்லோர் முன்னாலும் "நீ பாட ஆரம்பிச்சு எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. கீபோர்டைப் பார்த்தபடியே, நான் கேட்ட ஸ்கேலிலேயே வாசித்தான். மறுநாள் ஆராதனையில் சரணம் மேலே ஏறும் இடத்தில் கண்ணைத் திறந்து பார்த்தேன். முன்வரிசையில் பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். என் குரல் மட்டும் கணீரென்று கேட்கிறது. பாடல் என்ன தெரியுமா? என்னை முழுவதும் ஒப்புக்கொடுக்கிறேன் என்று வரும் பாடல்.

அடுத்த வாரத்திலிருந்து அந்தத் தம்பி வரவில்லை.

நான் என்ன செய்தேன்? மூன்று நாள் உபவாசம் இருந்தேன்! "ஆண்டவரே, பாடகர் குழுவில் ஒருமனப்பாட்டைத் தாரும்" என்று கண்ணீர் விட்டேன். செய்ய வேண்டியது ஒரு போன். அவன் நம்பர் என் கையில் இருந்த போனிலேயே இருந்தது. உபவாசம் எளிதாக இருந்தது, அந்தப் போன் முடியவில்லை. நாகமானிடம் அவனுடைய ஊழியக்காரர் கேட்டது இதைத்தான்: தகப்பனே, பெரிய காரியம் ஏதாவது சொல்லியிருந்தால் செய்திருப்பீர் அல்லவா? பெரிய காரியத்தில் நமக்கு ஒரு மரியாதை இருக்கிறது, நாலு பேரிடம் சாட்சியாகச் சொல்லலாம். சின்னக் காரியத்தில் அது கிடையாது.

ஒருவழியாகப் போன் செய்தேன். அதிலும் கேளுங்கள், "தம்பி, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாதுதான், ஆனா நீயும் எல்லார் முன்னாலயும் கேட்டிருக்க வேண்டாம்" என்றேன். அவன் "சரிங்கண்ணே" என்று வைத்துவிட்டான். சவுல் ராஜா நினைவுக்கு வந்தார். அமலேக்கியரை முழுவதும் அழிக்கச் சொன்ன தேவனுக்குக் கீழ்ப்படியாமல் தீர்க்கதரிசி சாமுவேலிடம் மாட்டிக்கொண்டபோது, பாவம் செய்தேன் என்று வாயால் சொல்கிறார், அதே மூச்சில் ஜனத்தின் மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்கிறார் (1 சாமுவேல் 15:30). பாவமன்னிப்பும் வேண்டும், மானமும் போகக் கூடாது. அந்த "ஆனா" என்கிற ஒரு சொல்லில் நானும் அதையேதான் கேட்டிருக்கிறேன்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். "உன் சுயம் சாகணும், உன்னைத் தாழ்த்து" என்று மற்றவர்களைப் பார்த்துச் சொல்கிற ஆட்கள் சபைகளில் உண்டு. பெரும்பாலும் தலைமையில் இருக்கிறவர்கள், கணக்கு கேட்டவனிடம் சொல்வார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். தேவனுக்கு ஒப்புக்கொடுப்பது வேறு, தேவன் பெயரைச் சொல்லும் ஒரு மனுஷனுக்கு வாயை மூடிக்கொண்டு அடங்குவது வேறு. நானும் அந்தத் தம்பியிடம் கிட்டத்தட்ட அதைத்தான் செய்தேன், அதனால்தான் இவ்வளவு சூடாகச் சொல்கிறேன்.

இன்னொன்று. ஒப்புக்கொடுப்பது ஒரு கூட்டத்தில் கை தூக்கி ஒரே நாளில் முடிகிற வேலை என்று நினைத்துத்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் "என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது" என்ற இயேசு, ஒரு தடவை ஜெபித்துவிட்டு எழுந்து போகவில்லை. மூன்றாம் தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். இந்தப் பாத்திரம் (வரப்போகிற பாடுகள்) நீங்கக்கூடுமானால் நீங்கட்டும் என்று தன் விருப்பத்தையும் மறைக்காமல் சொன்னார். விருப்பமே இல்லாதவர் மாதிரி நடிக்கவில்லை. அவருக்கே அப்படியென்றால், எனக்கு ரெண்டாவது போன் தேவைப்பட்டதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது தடவை "ஆனா" இல்லாமல் பேசினேன். "நீ சொன்னதுதான் சரி, நான் தப்பு" என்று சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. கை வியர்த்துவிட்டது. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் "விடுங்கண்ணே, சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்றான்.

இப்போது அந்தப் பாடலை ரெண்டு கட்டை இறக்கித்தான் பாடுகிறோம். மேலே ஏறி என் குரல் பளிச்சென்று தெரிகிற அந்த இடம் போய்விட்டது. சபை மொத்தமும் சேர்ந்து பாடுகிற சத்தத்தில் மைக் முன்னால் நிற்கிற எனக்கே என் குரல் கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால், அது எனக்கு இன்னும் முழுசாகப் பிடிக்கவில்லை.