இந்துப்பு பக்தர்கள் கவனத்துக்கு

உப்பைப் பத்தி ஒருத்தர் பேசின அந்த லைவ் வீடியோவை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம், பார்த்துத் தொலைச்சுட்டேன். கர்ப்பிணிகள் முதல்ல அயோடின் உப்பைத் தூக்கிப் போடணுமாம், அது கார்ப்பரேட் சதியாம். கீழேயே இந்துப்பு ஆர்டர் பண்ண வாட்ஸ்அப் நம்பர். சதி எங்கே இருக்குன்னு புரியுதுல்ல?

நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம் அயோடின். எழுபது வருஷத்துக்கும் சேர்த்தாலே ஒரு டீஸ்பூன் நிறையாது. அது கிடைக்கலேன்னா தைராய்டு வீங்கி முன்கழுத்துக் கழலை வரும். கழலையாவது கண்ணுக்குத் தெரியும். வயித்துல இருக்கிற பிள்ளைக்கு முதல் மூணு மாசம் அம்மாவோட தைராய்டு ஹார்மோன்தான் கதி. அது ரொம்பக் குறைஞ்சா அடிபடுறது பிள்ளையோட மூளை. கர்ப்பிணியைப் பார்த்துத்தான்யா இதைச் சொல்றாரு!

"எங்க பாட்டி கல்லுப்புதான் சாப்பிட்டா" கோஷ்டி வருவீங்க. பாட்டியை விடுங்க. இமாசலத்துல காங்ரா பள்ளத்தாக்குல 1956-ல டாக்டர் ராமலிங்கசுவாமி குழு ஆய்வு தொடங்கினாங்க. அயோடின் உப்பு கொடுத்த பகுதியில கழலை மளமளன்னு குறைஞ்சது. 1962-ல தேசியத் திட்டமே வந்தது. இதுல எந்தக் கார்ப்பரேட்? நம்ம ரேஷன் கடையில அரசு உப்புக் கழகமே அயோடின் உப்பு விக்குது.

"அதிகமானா ஆபத்தாமே?" ஆமா, எதுவும் அதிகமானா ஆபத்துதான். தைராய்டு பிரச்சினை இருக்கிறவங்க டாக்டரைக் கேளுங்க, லைவைக் கேட்காதீங்க. அடுத்து.

"உப்பளத்து வீட்டுப் பொண்ணு நீயே இப்படிப் பேசலாமா?" இன்பாக்ஸ்ல வந்த இந்தக் கேள்விதான் சுருக்குன்னு தைச்சது. ஆமா, தூத்துக்குடிதான். எங்கம்மா பாத்தியில இறங்கி வாருபலகை பிடிச்சவதான். கணுக்கால்ல உப்புத்தண்ணி அரிச்ச புண்ணுக்கு ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவினது நான். அதனாலதான் சொல்றேன்: தண்ணி காஞ்சு உப்பாகி வர்றப்போ அயோடின் பேருக்குத்தான் மிஞ்சும், தனியா சேர்க்கணும். கல்லுப்புதான் வேணும்னா அயோடின் சேர்த்த கல்லுப்பே கடையில கிடைக்குது. உப்பு விளையுற இந்தத் தமிழ்நாட்டுலதான் 2018-19 கணக்கெடுப்புல போதுமான அயோடின் உப்பு இருந்த வீடு சுமார் 62 சதவீதம். நாட்டுலயே கடைசி. பெருமைப்பட்டுக்கோங்க.

சைக்கிள்ல மூட்டை வச்சு உப்பு விக்கிற தாத்தாகிட்ட ரெண்டு ரூபா குறைக்கச் சொல்லி நின்னவங்கதான் இப்போ பாகிஸ்தான் சுரங்கத்துல வெட்டின ரோஸ் கலர் இந்துப்புக் கல்லுக்கு வாயைப் பிளக்கிறீங்க. உப்பளத்துப் பொம்பளைங்க மேல இவ்வளவு நாள் இல்லாத பாசம் திடீர்னு எங்கிருந்து வந்துச்சு? வெயில்ல கண்ணு கூசி, கருப்புக் கண்ணாடிகூட இல்லாம அவங்க நின்னப்போ எந்த இயற்கை ஆர்வலரும் லைவ் போடல.

என் சித்தி மகளுக்கு இது ரெண்டாவது மாசம். அவ புகுந்த வீட்டுலயும் அந்த வீடியோ சுத்துது. ஒரு கிலோ ரேஷன் உப்போட நாளைக்கு அங்கேதான் போறேன். அவ மாமியார் என்னை பிளாக் பண்ணினாலும் சரி.