அது பொம்மை இல்லை, என் வண்டி

முந்தாநாள் அலுவலக லிஃப்ட் வாசலில், மடக்கிக் கையில் வைத்திருந்த என் மின்சார ஸ்கூட்டரைப் பார்த்து "அந்தப் பொம்மையை வெளியே வைத்துவிட்டு வாங்க" என்று ஒருவர் சொன்னதை மறுபடி விரிவாக எழுதப் போவதில்லை. முந்தைய பதிவிலேயே எல்லாம் இருக்கிறது. ஆனால் அதன் கீழே வந்த கமெண்ட்டுகளைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அவர் சொன்னதைவிட, என்னைப் பல வருடமாகத் தெரிந்தவர்கள் அதற்குச் சிரிப்பு இமோஜி போட்டதுதான் வலித்தது.

பொம்மை இல்லை அது. ரயிலை விட்டு இறங்கி அலுவலகம் போய்ச் சேர நான் வைத்திருக்கும் வண்டி. என் குதிகால் வலி இங்கே பலருக்குத் தெரியும். அவ்வளவு தூரம் நடந்து போய் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தால், சாயங்காலம் தரையில் கால் வைக்க முடியாது. இப்போது முடிகிறது. இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

"வாங்கினதுதான் வாங்கினீங்க, ஒரு சார்ஜில் 60 கிலோமீட்டர் போகிற பெரிய வண்டியாக வாங்கியிருக்கலாமே" என்று அக்கறையாகக் கேட்டவர்களுக்குச் சொல்கிறேன். பேட்டரி பெரிதானால் வண்டியும் கனக்கும். ஷாவ்மி எம்365 மாதிரி மடக்கு ஸ்கூட்டர்கள் 12 கிலோ சொச்சம்தான். அதற்கு 280 வாட் மணி பேட்டரி. காகிதத்தில் 30 கிலோமீட்டர், நிஜத்தில் அதைவிடக் குறைவு. எனக்கு அது தாராளம். தூரம் கூட வேண்டுமென்று 20 கிலோவுக்கு மேல் போனால், ஸ்டேஷன் படிக்கட்டில் யார் தூக்குவது? இந்த வண்டியின் உபயோகமே தூக்க முடிவதில்தான் இருக்கிறது. மடக்கி, தூக்கி, மேஜைக்கு அடியில் வைக்க வேண்டும். அதை வாசலிலேயே விட்டுவிட்டு வா என்றால் எதற்கு மடக்கு வண்டி?

"பாரிஸே தடை பண்ணிட்டாங்க" என்று ஐந்தாறு பேர் எழுதியிருக்கிறார்கள். 2023 ஏப்ரலில் பாரிஸில் வாக்கெடுப்பு நடந்தது, உண்மை. அது வாடகை ஸ்கூட்டர்களைப் பற்றியது. நடைபாதையில் கண்டபடி போட்டுவிட்டுப் போன வண்டிகள் மீது மக்களுக்கு வந்த கோபம். வாக்களிக்க வந்தவர்களே எட்டு சதவீதத்துக்கும் குறைவு. சொந்த வண்டிக்கு அங்கே இன்றும் தடையில்லை. நான் என் வண்டியை எந்த நடைபாதையிலும் போட்டுவிட்டு வரவில்லை, கையோடு தூக்கிக்கொண்டு வருகிறேன். ஜெர்மனியில் 2019 முதல் இதற்கென்றே தனி விதி இருக்கிறது: மணிக்கு 20 கிலோமீட்டர் வேக வரம்பு, கட்டாயக் காப்பீடு, நடைபாதையில் ஓட்டக் கூடாது. பொம்மைக்கு யாராவது இன்சூரன்ஸ் கேட்பார்களா?

தீப்பிடிக்கும் என்ற பயம் நியாயமானது, மறுக்கவில்லை. லண்டன் போக்குவரத்து நிர்வாகம் 2021 டிசம்பரில் சொந்த மின்சார ஸ்கூட்டர்களை ரயில், பஸ்ஸில் ஏற்றத் தடை போட்டதும் தீ விபத்துகளுக்குப் பிறகுதான். அப்படியானால் அலுவலகத்தில் சார்ஜ் போடாதே என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். மின் பாதுகாப்புக்கான யுஎல் 2272 சான்று இருக்கிறதா என்று கேளுங்கள், காட்டுகிறேன். யாரும் கேட்கவில்லையே. பார்த்ததும் பொம்மை என்றார்கள், அவ்வளவுதான்.

சின்னச் சக்கரம் பள்ளத்தில் மாட்டும், சரி. பார்த்து ஓட்டுகிறேன். மடக்கும் இடத்துக் கொக்கியைத் தினமும் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறேன். அந்த இடத்தில் இருக்கும் ஒரு திருகு தளர்கிறது என்றுதான் 2019-ல் ஷாவ்மி எம்365 வண்டிகளில் ஒரு பகுதியைத் திரும்ப அழைத்தார்கள். விளையாட்டுக்கு வாங்கியவள் இதையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருக்க மாட்டாள்.

அப்புறம் அந்த "இந்த வயசுல இது தேவையா அக்கா?" கமெண்ட். எழுதியவர் என் வீட்டில் சாப்பிட்டவர் என்பதால் பெயர் சொல்லவில்லை. 1916-லேயே லண்டனில் ஃப்ளாரன்ஸ் நார்மன் என்ற பெண்மணி ஆட்டோபெட் ஸ்கூட்டரில் நின்றபடி வேலைக்குப் போன புகைப்படம் இருக்கிறது. பெட்ரோல் வண்டி, ஹேண்டில் தண்டை மடக்கி வைக்கலாம். பெண்களின் வாக்குரிமைக்காக நின்றவர் அவர். நூறு வருடத்துக்கும் மேலாகிவிட்டது, இன்னும் ஒரு பெண் நின்று வண்டி ஓட்டினால் வயதைக் கேட்கிறீர்கள். நான் நொண்டி நடந்த காலத்தில் ஒருவரும் வயதைக் கேட்கவில்லை. பாவம் என்றீர்கள். பாவமாக இருந்தவரைக்கும் உங்களுக்கு நான் சரியாகத்தான் இருந்தேன்.

திங்கட்கிழமை நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுக்கப் போகிறேன். மடக்கிய வண்டியை உள்ளே கொண்டுவரக் கூடாது என்றால், எந்த விதிப்படி என்று அவர்களும் எழுத்திலேயே பதில் தரட்டும்.