அண்டி ஆபீஸில் மிஞ்சியவர்கள்

குமரி மேற்கில் ஓர் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரி ஆலை, ஆட்களைக் குறைத்தால், வேலை போனவர்களுக்காக ஊரே வருத்தப்படும். வருத்தப்பட வேண்டியதுதான். ஆனால் மறுநாள் காலையில் அதே ஷெட்டுக்குள் போய் உட்காருகிற பெண்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "அவங்களுக்கு என்ன, வேலை இருக்கே" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். மார்த்தாண்டம் பக்கத்தில் முந்திரி ஆலைகளில் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறவன் நான். அந்த 'வேலை இருக்கிறவர்களை'ப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழிலில் நெருக்கடி இருப்பது உண்மை. நம் ஆலைகள் உடைக்கும் கொட்டையில் பெரும்பகுதி ஐவரி கோஸ்ட், பெனின், தான்சானியா என்று ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. அந்த நாடுகளே இப்போது சொந்தமாகப் பருப்பு எடுக்கப் பார்க்கின்றன. வியட்நாம் இயந்திரத்தை வைத்து நம்மை எப்போதோ தாண்டிவிட்டது. 2016 பட்ஜெட்டில் இறக்குமதிக் கொட்டைக்கு 5 சதவீதம் வரி போட்டார்கள், 2018-இல் அதை இரண்டரையாகக் குறைத்தார்கள். நடுவில் பணமதிப்பிழப்பு வேறு. கடன் வாங்கிக் கொட்டை எடுத்த சிறிய முதலாளிகள் பலர் அதில் விழுந்தார்கள். ஒரு காலத்தில் கொல்லத்து முதலாளிகள் இங்கே கூலி குறைவு என்றுதான் எல்லையைத் தாண்டி வந்து ஆலை போட்டார்கள். இப்போது இங்கேயே கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். கணக்குப் புத்தகம் என் கையில் இருப்பதால் அதை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த நெருக்கடி முதலாளி வீட்டோடு நிற்பதில்லை. இங்கே பல வீடுகளில் ஆண் ரப்பர் பால் வெட்டப் போவார், பெண் அண்டி ஆபீஸுக்குப் போவார். 2011-இல் கிலோ 240 ரூபாய் வரை போன ரப்பர், 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே வந்தது. பல தோட்டங்களில் பால் வெட்டாமலேயே மரத்தை விட்டார்கள். அந்த வருடங்களில் அரிசியும் பள்ளிக்கூடப் பீஸும் குழு லோன் தவணையும் அந்தப் பெண்ணின் கிலோ கணக்குக் கூலியில்தான் ஓடின. அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வருகிறவருக்கு, பக்கத்து இருக்கை திடீரென்று காலியானால் என்ன தோன்றும்?

தோல் உரிக்கும் பகுதியைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். போர்மா என்கிற உலர்த்தும் சூட்டறையில் காய்ந்து வந்த பருப்பின் மேல் மெல்லிய செந்தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். சின்னக் கத்தியின் நுனியால் அதைச் சுரண்டி எடுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும். முழுப் பருப்பு ஒரு விலை, பிளந்தது வேறு விலை. டபிள்யூ 320 என்று கடையில் பார்க்கிறீர்களே, ஒரு பவுண்டுக்கு 320 வரை நிற்கும் முழுப் பருப்பு அது. இந்தத் தொழிலின் லாபம் மொத்தமும் அந்த முழுமையில்தான் இருக்கிறது. அந்த முழுமை ஒரு பெண்ணின் விரல் நிதானத்தில் இருக்கிறது. மனம் பதறினால் விரல் பதறும். ஆட்களைக் குறைத்த பிறகு வரும் வாரங்களில் உடைசல் கூடுவதை நான் கணக்கில் பார்த்திருக்கிறேன், ஒரே ஓர் ஆலையில் மட்டும் அல்ல.

இன்னொன்றையும் பார்த்தேன். கண் மங்கிப்போன ஒரு மூத்த அக்கா. அவர் உரித்த பருப்பில் அங்கங்கே தோல் ஒட்டியிருக்கும். சரிபார்க்கும் மேசையில் அது திரும்பி வந்துவிடும் என்று, பக்கத்தில் இருக்கும் பெண் பேசிக்கொண்டே அவருடைய முறத்தையும் இழுத்து நாலு சுரண்டு சுரண்டிக் கொடுப்பார். யாரும் சொல்லிச் செய்வதில்லை, வருடக்கணக்காக நடப்பது. ஆட்குறைப்பு நடந்த பிறகு ஒருநாள் அந்த அக்கா வழக்கம்போல முறத்தைத் தள்ளினார். பக்கத்துப் பெண் நிமிராமலே அதை அப்படியே திருப்பித் தள்ளிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் எடை குறைந்தால் அடுத்த பெயர் தன்னுடையதாக இருக்குமோ என்ற பயம் அவருக்கு. காய்ச்சலோடு வருகிறார்கள், சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். யார் சூப்பர்வைசரிடம் நின்று பேசினாலும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். கூலி வாங்க வரும்போது என்னிடம் மெதுவாகக் கேட்பார்கள்: "சாரே, அடுத்து யாருக்க பேரு வரும்?" எனக்கும் தெரியாது. தெரியாது என்றாலும் நம்ப மாட்டார்கள்.

இதைப் பார்த்துவிட்டுச் சில முதலாளிகள் "இப்பதான் ஆளுங்க ஒழுங்கா வேலை பாக்காங்க" என்று சந்தோஷப்படுகிறார்கள். இது பெரிய தப்புக் கணக்கு. தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பது உழைப்பு ஆகிவிடாது. அதோடு, பயம் பிடித்த இடத்தை விட்டு முதலில் போகிறவர் கைத்திறன் உள்ளவர்தான். அவருக்கு அடுத்த ஆலையில் இடம் கிடைக்கும், மார்த்தாண்டம் ஜவுளிக் கடையிலோ திருவனந்தபுரத்தில் வீட்டு வேலையிலோ கிடைக்கும். போக வழியில்லாதவர்தான் மிஞ்சுவார். அப்புறம் 'நல்ல ஆள் கிடைக்கல' என்ற புலம்பல்.

இது ஷெட்டுக்குள் மட்டும் நடப்பது என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் டிசிஎஸ் சுமார் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, சென்னையிலும் பெங்களூரிலும் ஐ.டி. வேலையில் இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அண்டி உடைத்துப் படிக்க வைத்த அம்மாவும், கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் மகளும் ஒரே பயத்தைப் போனில் பேசிக்கொண்ட வீடுகளை எனக்குத் தெரியும்.

என் கருத்து இதுதான். ஆட்குறைப்பைவிட அது நடக்கிற விதம்தான் மிஞ்சியவர்களை அதிகம் உடைக்கிறது. வாரக் கூலி கொடுத்து அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசரை விட்டுப் போன் போடச் சொல்லி "நாளைக்கு வரண்டாம்" என்று சொன்னால், மிஞ்சியவர் ஒவ்வொரு ஞாயிறும் போனைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

1947-இன் தொழில் தகராறு சட்டம் எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். ஒரு வருடத்தில் 240 நாள் வேலை பார்த்தவரை நிறுத்த ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான கூலி, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம் நஷ்டஈடு, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும், திரும்ப ஆள் எடுத்தால் போனவருக்கு முன்னுரிமை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த விதிகள் தொடர்கின்றன. ஆட்குறைப்புக்கு முன்பே அரசிடம் அனுமதி வாங்க வேண்டிய ஆலைகளின் எல்லையை மட்டும் 100 பேரிலிருந்து 300 பேராக உயர்த்திவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, சரி, அது வேறு விவாதம். கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் என்ற வரிசை ஒன்று இருந்தால், இருபது வருடம் உழைத்த பெண் தன் இடம் எங்கே என்று தெரிந்துகொண்டு நிதானமாகக் கத்தியைப் பிடிப்பார். சூப்பர்வைசருக்குப் பிடித்தவர், பிடிக்காதவர் என்று பட்டியல் போட்டால் ஷெட் முழுக்க ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வார்கள்.

போனவர் கணக்கை முடித்துக் கொடுப்பதும் மிஞ்சியவர் கண்ணில் படுகிற விஷயம். ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு, 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்தப் பணத்துக்கு ஓர் அக்கா மாதக்கணக்கில் கேட்டில் வந்து நிற்பதை உள்ளே இருக்கிறவர்கள் தினமும் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் முதலாளி புதுக் கார் எடுத்தால், 'நஷ்டம்' என்று அவர் சொன்னதை ஒருவரும் நம்ப மாட்டார்கள். நெருக்கடி என்றால் முதல் வெட்டு மேலிருந்து வரட்டும். முதலாளி ஷெட்டுக்குள் வந்து நின்று, இத்தனை கன்டெய்னர் கொட்டைதான் இருக்கிறது, இத்தனை வாரம்தான் ஓடும் என்று நேராகச் சொல்லட்டும். அந்தப் பெண்கள் எடையும் விலையும் நன்றாகத் தெரிந்தவர்கள், புரிந்துகொள்வார்கள்.

வேலையில் இருக்கிற அக்காமாரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். வேலை போனவரைச் சந்தையில் கண்டால் ஒதுங்கிப் போகாதீர்கள். அவரிடம் பேசினால் முதலாளிக்குப் பிடிக்காது என்று நினைத்து, கல்யாண வீட்டில்கூடத் தள்ளி உட்காருகிறீர்கள். அவர் வீட்டுக்குப் போங்கள், அவருக்கு என்ன பாக்கி என்று கேளுங்கள், யூனியனில் இருந்தால் சேர்ந்து நாகர்கோவில் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போங்கள். கூலியில் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுப் பிடித்தம் இருந்தவர் என்றால், 2018-இல் தொடங்கி அவ்வப்போது நீட்டித்து வரும் ஒரு திட்டத்தில், வேலை இழந்தவருக்கு 90 நாள் வரை சராசரிக் கூலியில் பாதி கிடைக்க வழி இருக்கிறது. இதை நம் ஆலைகளில் கேள்விப்பட்டவர்களே குறைவு.

முதலாளிமாரிடம் கடைசியாக ஒரு வேண்டுகோள். குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனிலும் கிறிஸ்துமஸுக்கு முன்னாலும் செய்யாதீர்கள். பட்டியலை எந்த வரிசையில் போட்டீர்கள் என்பதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பணிக்கொடைக் கணக்கையும் இ.எஸ்.ஐ. படிவத்தையும் ஆபீஸிலேயே நிரப்பிக் கையில் கொடுத்து அனுப்புங்கள். எங்களைப் போன்ற கணக்கர்களிடம் சொன்னால் போதும், ராத்திரி உட்கார்ந்தாவது முடித்துக் கொடுப்போம்.