மூன்று எழுத்துக்கு 430 அர்த்தமா?

நேற்று மறுபடியும் மானம் போனது. காரணம், ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ஒரு சுண்டைக்காய்ச் சொல்: செட்.

மொழிபெயர்க்க வந்த ஒரு வழக்குச் செய்தி. கீழ் நீதிமன்றத் தீர்ப்பை மேல் நீதிமன்றம் 'செட் அசைட்' செய்ததாக இருந்தது. இது தெரியாதா நமக்கு? அவசரத்துக்கு ஆகும் என்று சம்பளத்தில் கொஞ்சம் எடுத்து வைப்பதையும் அப்படித்தானே சொல்கிறார்கள்! 'தீர்ப்பை ஒதுக்கி வைத்தது' என்று எழுதி அனுப்பிவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஆசிரியரின் போன்: "ஏங்க, தீர்ப்பே ரத்தாகிப் போச்சு. நீங்க பத்திரமா எடுத்து ஒதுக்கி வெச்சிருக்கீங்களே?"

பணத்தை செட் அசைட் செய்தால் அது பிழைத்துக் கிடக்கும். தீர்ப்பை செட் அசைட் செய்தால் அது செத்துப் போகும். இதெல்லாம் ஒரு நியாயமா?

ஆத்திரத்தில் தேடிப் பார்த்தேன். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் இந்த ஒரு சொல்லுக்கு 430 பொருள். அதை விளக்க மட்டும் சுமார் 60,000 சொற்கள். ஒரு நாவலே எழுதிவிடலாம்! கின்னஸ் புத்தகத்தில் வேறு ஏற்றிவிட்டார்கள். (அப்புறம் 'ரன்' வந்து, வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருளோடு இதை முந்திவிட்டது. அதற்கு இன்னொரு நாள் அழுகிறேன்.)

சூரியன் மறைந்தால் செட். ஜெல்லி உறைந்தால் செட். அலாரம் வைப்பதும் செட், மோதிரத்தில் கல் பதிப்பதும் செட், முறிந்த எலும்பைக் கூட்டி வைப்பதும் செட். 'செட் ஆஃப்' என்றால் ஊருக்குக் கிளம்புவது. வெடியை வெடிக்கவைப்பதும் அதுவே. கணக்கு எழுதுபவரிடம் போனால் வரவேண்டியதைத் தரவேண்டியதில் கழித்துக்கொள்வது. இறந்த காலத்துக்காவது உருவம் மாறுமா என்றால் அதுவும் கிடையாது. நேற்று வைத்தாலும் செட், தினமும் வைத்தாலும் செட். சோழி உருட்டித்தான் காலம் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் இன்னொரு மோசடியும் உண்டு. இது ஒரே சொல்கூட இல்லை. 'வை' என்ற பொருள் தருவது ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு, உட்காருவதைச் சொல்லும் 'சிட்'டுக்கு உறவுக்காரன். தொகுதி என்ற பொருள் தருவதோ லத்தீன் 'செக்டா'விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

வாயில் நுழையாத சொற்கள்மேல் எனக்குக் கோபமே இல்லை. பார்த்ததும் பயந்துபோய் அகராதியைத் திறந்துவிடுவேன். இது தினம் பார்க்கிற முகம். யார் சந்தேகப்படுவார்கள்?

சரி, நம் 'ஓடு' மட்டும் என்ன ஒழுங்கு என்று கேட்பீர்கள். படமும் ஓடும், ஃபேனும் ஓடும், ஆமை முதுகிலும் ஓடுதான். ஆனால் அது என் வேலைக்கு உலை வைத்ததில்லையே!

இதையெல்லாம் ஆசிரியரிடம் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "புதுசுதானே, போகப் போக எல்லாம் செட் ஆயிடும்."