நாற்பது வெள்ளிப் பெட்டியும் நான்கு துணிக்கற்களும்

ஜூன் பள்ளி விடுமுறையின் இரண்டாவது வாரத்தில் மகளுக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்தேன். உள்ளங்கை அகலத்தில் ஒரு வீட்டை நாமே கட்டும் பெட்டி. சன்னல், மாடிப்படி, மேசை, மேசைமேல் புத்தகம், அதன் பக்கத்தில் எரிகிற விளக்கு என்று எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். விலை 39 சிங்கப்பூர் வெள்ளி 90 காசு. தொடக்கநிலை மூன்றில் படிக்கிற பிள்ளை, கைக்கணினியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் எதையாவது செய்யட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

இரவு பதினொரு மணிக்குச் சுண்டுவிரல் நகம் அளவுள்ள நாற்காலியின் காலை இடுக்கியால் பிடித்துக்கொண்டு, பசை காயக் காத்திருந்தவன் நான். மகள் அரை மணி நேரத்திலேயே எழுந்து போய்விட்டாள். தண்ணீர் குடிக்க வந்த அம்மா சற்று நேரம் நின்று பார்த்தார். "இதைப் பிள்ளைக்கு வாங்கினாயா தம்பி, உனக்கு வாங்கினாயா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

அந்த வீடு இப்போது தொலைக்காட்சிக்கு மேலே உள்ள தட்டில் இருக்கிறது. யாரும் தொடுவதில்லை. தொட்டால் உடையும்.

நான்கைந்து ஆண்டுகளில் எங்கள் வீட்டுக்குள் வந்துபோன கைவேலைப் பெட்டிகளை அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். எண் போட்ட கட்டங்களில் பளபளக்கும் மணிகளை ஒட்டும் 'டைமண்ட் பெயின்டிங்' மட்டும் மூன்று. எண் பார்த்து வண்ணம் தீட்டும் துணி, சூளையில் சுட வேண்டாத களிமண், கம்பளி நூலைக் குத்திக் குத்தி ஏற்றும் ஊசி... இவை எல்லாவற்றிலும் ஒன்று பொதுவாக இருந்தது. கடைசியில் என்ன வர வேண்டும் என்பதை மூடியிலேயே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். 17ஆம் எண் கட்டத்தில் 17ஆம் எண் மணியை வைப்பதுதான் பிள்ளையின் வேலை. தேர்வுத்தாளில் சரியான விடைக்கு உரிய வட்டத்தைப் பென்சிலால் கறுப்பாக்குவதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அந்தப் பயிற்சிதான் பள்ளியிலும் துணைப்பாட வகுப்பிலும் வேண்டிய அளவுக்குக் கிடைக்கிறதே.

சென்ற ஆண்டு குடும்பத்தோடு ஒரு பயிலரங்குக்கும் போனோம். 'டஃப்டிங்' என்கிறார்கள், துப்பாக்கி போன்ற ஒரு கருவியால் இழுத்துக் கட்டிய துணியில் கம்பளி நூலைச் செலுத்திச் சிறு விரிப்பு செய்வது. தலைக்கு 85 வெள்ளி. கருவியை நான் பிடிக்க, என் கைமேல் மகளின் கை. அவள் வரைந்திருந்த பூனைக்கு ஒரு காது மிகப் பெரியது. வால் நடுமுதுகிலிருந்து முளைத்திருந்தது. சொல்லிக்கொடுத்த பெண் நல்ல மனத்தோடு அந்த வாலை இருக்க வேண்டிய இடத்துக்கு மாற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்தது அழகான பூனை. விருந்தினர் ஒருவர் அதைப் பாராட்டியபோது என் மகள் சொன்னாள்: "அது அந்த அக்கா செய்த பூனை, ஆன்ட்டி."

ரப்பர் வளையங்களால் கைவளை பின்னும் பித்து 2014 வாக்கில் இங்கே எப்படிப் பரவியது என்று பலருக்கு நினைவிருக்கும். என் அக்காள் பிள்ளைகள் முழங்கை வரை மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். அதைத் தொடங்கிவைத்தவர் நமக்குப் பக்கத்து நாட்டுக்காரர். மலேசியாவில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் குடியேறிய சூன் இங் என்ற பொறியாளர்; கார் நிறுவனத்தில் மோதல் பாதுகாப்புச் சோதனை அவர் வேலை. 2010இல் தம் இரண்டு மகள்களும் சிறு ரப்பர் வளையங்களைக் கோத்துக் கைவளை செய்துகொண்டிருந்ததைப் பார்த்தார். சிறுவயதில் தாண்டி விளையாட ரப்பர் வளையங்களைக் கோத்துக் கயிறு திரித்தவர் அல்லவா, நானும் செய்கிறேன் என்று உட்கார்ந்தார். வளையங்கள் மிகச் சிறியவை, அப்பாவின் விரல்களோ தடித்தவை. சரிவரவில்லை. ஒரு மரத்துண்டில் குண்டூசிகளை வரிசையாகக் குத்தி, அவற்றில் வளையங்களை மாட்டிப் பின்னிப் பார்த்தார். வந்துவிட்டது. பிறகு சேமிப்பிலிருந்து 10,000 அமெரிக்க டாலரைப் போட்டு அதைத் தயாரித்து விற்கத் தொடங்கினார். அதுதான் 'ரெயின்போ லூம்'.

அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதைதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஒரு அப்பா பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தோற்றுப்போகிறார், எழுந்து போய் மரத்துண்டு தேடுகிறார், குண்டூசி குத்துகிறார். அந்தக் கதையில் சுவையான பகுதியெல்லாம் பெட்டி பிறப்பதற்கு முன்பே அந்த வீட்டில் நடந்து முடிந்துவிட்டது. நாம் காசு கொடுத்து வாங்கியது ஊசி குத்தி முடித்த பலகையை. அவர் திரித்த அந்தக் கயிறும் நமக்குப் புதிதில்லை. அங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் 'ஸீரோ பாயின்ட்' என்று சொல்லித் தாண்டியதும் அதே கயிறுதான். பெண்பிள்ளைகள் ஆட்டம் என்று கேலி பேசிக்கொண்டே நானும் தாண்டியிருக்கிறேன்.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். குட்டி வீட்டுக்கு மறுநாள் மதியம் அவர் தம் நீல டின்னை எடுத்தார். வெண்ணெய் பிஸ்கட் படம் போட்ட டின். திறந்தால் ஊசி, நூல், பொத்தான் தவிர வேறெதுவும் இருக்காது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். பழைய தலையணை உறையிலிருந்து எட்டு சென்டிமீட்டர் நீளம், நான்கு சென்டிமீட்டர் அகலத்தில் துண்டுகள் வெட்டினார். ஒரு துண்டை இரண்டாக மடித்து, இரண்டு பக்கங்களைத் தைத்து, உள்வெளியாகப் புரட்டினால் சிறு பை. அதில் முக்கால் பாகம் பச்சைப்பயறு. திறந்திருக்கும் வாயை, அடித்தையலுக்குக் குறுக்காக வரும்படி சேர்த்துப் பிடித்துத் தைக்க வேண்டும். அந்தக் குறுக்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. நேராகத் தைத்தால் தலையணை. குறுக்காகத் தைத்தால் நான்கு முகம் கொண்ட கூம்பு, தரையில் உருளாமல் உட்காரும்.

'ஃபைவ் ஸ்டோன்ஸ்' என்று நாம் இங்கே ஆடியது இதைத்தான். மலாயில் 'பத்து செரம்பான்' (அங்கே 'பத்து' என்றால் கல்). அம்மா தம் ஊரில் கூழாங்கல்லை வைத்துச் சொட்டாங்கல் ஆடி வளர்ந்தவர். துணியில் தைக்கக் கற்றது சிங்கப்பூருக்குக் கல்யாணமாகி வந்த பிறகு, தொழிற்சாலையில் உடன் வேலை பார்த்த மலாய்த் தோழியிடம். சாப்பாட்டு இடைவேளையில் இருவரும் ஆடுவார்களாம்.

நான் கவனித்தது ஒன்று. அம்மா பேத்தியைக் கூப்பிடவே இல்லை. 'வா, செய்யலாம்' என்று ஆசை காட்டவும் இல்லை. தரையில் காலை நீட்டி உட்கார்ந்து தம் பாட்டுக்குத் தைத்துக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் கழித்து மகள் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பாட்டி, இது யாருக்கு?"

"எனக்குத்தான். விளையாட."

"உங்களுக்கா?"

அவ்வளவுதான். பிறகு அவள் ஊசி கேட்டாள். முதல் கல்லில் தையல்களுக்கு நடுவே ஒரு பயறு தாராளமாக நடந்து வெளியேறும் அளவுக்கு இடைவெளி. இரண்டு முறை தூக்கிப் போட்டதும் வீடெங்கும் பயறு. யாரும் திருத்தவில்லை. பாட்டியின் கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டாவது கல்லில் தையல் நெருங்கியது.

எங்கள் காலத்தில் உள்ளே மஞ்சாடி விதையும் போட்டிருக்கிறோம். இங்கே 'சாகா' என்பார்கள், முழுச் சிவப்பாக, பளபளப்பாக இருக்கும். நான்கு விதை ஏறத்தாழ ஒரு கிராம். பொற்கொல்லர்கள் எடைக்கல்லாகப் பயன்படுத்தியது. சிவப்பில் கரும்புள்ளி இருந்தால் அது குன்றிமணி, கடும் நஞ்சு. பிள்ளைகள் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

பக்கத்து வீட்டு மாக்சிக் (மலாய் அத்தை) சென்ற நோன்புப் பெருநாளுக்கு முன் இரண்டு நிற நாடாக்களில் கேத்துப்பாட் உறை, அதாவது அரிசியை வேகவைக்கத் தென்னோலையில் பின்னும் கூடு, பின்னக் கற்றுக்கொடுத்தார். ஒரு நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு மற்றதை அதற்குள் ஏற்றி இறக்கிப் பின்னிக் கடைசியில் முனைகளை இழுத்தால் பூட்டிக்கொள்ளும். என் மகனுக்கு, பாலர் பள்ளியில் படிக்கிறவனுக்கு, அந்த இழுப்பு மட்டும்தான் பிடித்தது. இழுத்து இழுத்து மூன்று உறைகளை அவிழ்த்தான். என் அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஊரில் தென்னோலையில் பின்னும் கிலுகிலுப்பை ஒன்றை அதே நாடாவில் பின்னிக் காட்டினார். அம்மாவும் மாக்சிக்கும் பாசார் மலாயில் (சந்தைப் பேச்சு மலாய்) ஒரு மணி நேரம் ஓலையைப் பற்றிப் பேசினார்கள். நாடாவுக்கு ஆன செலவு நான்கு வெள்ளிக்கும் குறைவு.

செலவே இல்லாத இன்னொன்று, நவராத்திரிக் கொலுப் படிக்குக் கீழே அமைக்கும் பூங்கா. ஒரு தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ தூவித் தண்ணீர் தெளித்தால் நான்கைந்து நாளில் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடியை நடுவில் புதைத்தால் குளம். சென்ற முறை என் பிள்ளைகள் அதன் ஓரத்தில் கைக்குட்டைத் தாள் பெட்டிகளை அடுக்கி எங்கள் புளோக்கைக் கட்டினார்கள். சன்னலுக்குச் சன்னல் பல்குத்தும் குச்சியை நீட்டி மகன் துணி காயப்போட்டிருந்தான். அதில் ஒன்று என் சட்டையாம். மூடியில் படம் போட்ட எந்தப் பெட்டியிலும் அந்தச் சட்டை இருந்திருக்காது.

2023 பொங்கலின்போது லிட்டில் இந்தியாவில் ஒரு தாயும் மகளும் 26,000 ஐஸ்கிரீம் குச்சிகளால் ஆறு மீட்டருக்கு ஆறு மீட்டர் அளவில் வள்ளுவர், ஔவையார், பாரதியார், பாரதிதாசன் உருவங்களைச் செய்து சிங்கப்பூர்ச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார்கள். அதைப் பார்த்த உற்சாகத்தில் நாங்களும் தொடங்கினோம். 26 குச்சிகளோடு பசை தீர்ந்துவிட்டது. பூச்செடிக்கு வேலியாக நிற்கிறது.

பெட்டி என்றாலே குப்பை என்று நான் சொல்லவரவில்லை. என் மனைவி குரோஷே (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) கற்றுக்கொண்டது ஒரு பெட்டியிலிருந்துதான். அந்த முதல் பொம்மைக்குப் பிறகு அவர் பெட்டி வாங்கவில்லை, நூல்கண்டு மட்டும் வாங்குகிறார். பெட்டியால் அவருக்குக் கை பழகியது. (குரோஷே பின்னலை இயந்திரம் செய்வதில்லை. கடைத்தொகுதியில் பத்து வெள்ளிக்குத் தொங்கும் குரோஷே சட்டையை யாரோ ஒருவர் கையால்தான் பின்னியிருக்கிறார். அவருக்கு எவ்வளவு கிடைத்திருக்கும் என்று அடுத்த முறை விலையட்டையைப் பார்க்கும்போது யோசியுங்கள்.) கருவி வேண்டுமென்றால் சில வட்டார நூலகங்களில் 'மேக்இட்' பகுதியில் முப்பரிமாண அச்சு இயந்திரம், தையல் இயந்திரம் எல்லாம் இருக்கின்றன. வாங்க வேண்டிய அவசியமில்லை.

உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது. நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் எங்களுக்கு இருப்பது ஒரே மேசை. சாப்பாடு அதில், வீட்டுப்பாடம் அதில், வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாளில் என் கணினியும் அதில். பிள்ளை பாதியில் விட்டுப்போன அட்டைப்பெட்டிக் கோட்டையை இரண்டு நாள் அப்படியே விட்டுவைக்க வேண்டுமென்றால், நாங்கள் பழைய தமிழ் முரசை விரித்துத் தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டோம். முதல் நாள் எரிச்சலாக இருந்தது. பசை ஒட்டிய தரையைச் சுரண்டுவது இன்றைக்கும் எரிச்சல்தான். இருபது பிள்ளைகளும் ஒரே மாதிரி இருபது வண்ணத்துப்பூச்சிகளை வீட்டுக்குக் கொண்டுவரும் விடுமுறை வகுப்புக்கு நாம் ஏன் பணம் கட்டுகிறோம் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வண்ணத்துப்பூச்சிக்கா பணம்? நம் தரை சுத்தமாக இருப்பதற்கு.

இன்னொரு செலவு, பெரியவர்கள் உட்கார்வது. மேற்பார்வை பார்க்க இல்லை. அதைச் செய்தால் பூனை வாலுக்கு நேர்ந்ததுதான் நேரும். அம்மா உட்கார்ந்ததுபோல, தமக்கென்று ஒரு வேலையோடு. நான் இப்போது வயர்க்கூடை பின்னுகிறேன். அலுவலகத்தில் சொன்னால் சிரிக்கிறார்கள். சாதா முடிச்சு வந்துவிட்டது. நெல்லிக்காய் முடிச்சில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நான் தப்பாகப் போட்டுப் பிரிக்கும்போதெல்லாம் மகளுக்கு ஏக மகிழ்ச்சி. "அப்பா, மறுபடியும் தப்பு!" என்று எழுந்து வந்து பார்க்கிறாள்.

நேற்று நிலவரம்: துணிக்கல் நான்கு தயார். ஐந்தாவதற்குத் துணி வெட்டி ஒரு வாரமாகக் கிடக்கிறது, யாருக்கும் தைக்க மனமில்லை. நான்கு கல்லோடு ஒரு ஐம்பது காசு நாணயத்தையும் சேர்த்துப் பாட்டியும் பேத்தியும் ஆடுகிறார்கள். பாட்டி ஏமாற்றுவதாகப் புகார் வந்திருக்கிறது.

நெல்லிக்காய் முடிச்சு நன்றாகப் போடத் தெரிந்தவர்கள் ஈசூன் பக்கம் யாராவது இருந்தால் கீழே சொல்லுங்கள். வயர் நான் கொண்டுவருகிறேன்.