லவுஞ்ச் வாசலில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

அந்தக் காணொளியை இனி யாரும் எனக்கு அனுப்ப வேண்டாம். பார்த்தாகிவிட்டது. விமான நிலையத்தில் லவுஞ்ச் எனப்படும் தனிக் காத்திருப்பு அறையின் வாசலில் ஒரு பெரியவர் போர்டிங் பாஸை நீட்டியபடி நிற்கிறார், வரவேற்பில் இருக்கும் பெண் முடியாது என்று தலையசைக்கிறார், பின்னால் வரிசையில் நின்ற எவரோ கைப்பேசியில் அதைப் பிடித்திருக்கிறார். அது கூடப் பரவாயில்லை. அதன் கீழே இரண்டு நாளாக ஓடும் சிரிப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. “பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வாங்கக் காசு இருக்கு, விதியைப் படிக்க நேரமில்லையா?” என்று படித்தவர்கள் எழுதுகிறார்கள். அடிக்கடி பறப்பவர்கள் எழுதுகிறார்கள். அதுதான் அதிகம் வலிக்கிறது.

அவர் கையில் இருந்தது பிசினஸ் கிளாஸ் டிக்கெட்தான். அவர் ஏமாற்றி உள்ளே நுழையப் பார்க்கவில்லை. அந்த டிக்கெட்டில் என்ன இல்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: சொல்லாமல் விற்றது தவறு, தெரியாமல் நின்றது தவறல்ல.

பிசினஸ் கிளாஸ் டிக்கெட் என்றால் லவுஞ்ச் உண்டு என்று நம்புவது முட்டாள்தனம் இல்லை. பல பத்தாண்டுகள் அப்படித்தான் இருந்தது. 2019-இல் எமிரேட்ஸ் ‘ஸ்பெஷல்’ என்ற பெயரில் ஒரு மலிவு பிசினஸ் கட்டணத்தைக் கொண்டுவந்து லவுஞ்சை அதிலிருந்து எடுத்தது. 2020-இல் கத்தார் ஏர்வேஸ் ‘லைட்’ கட்டணம் கொண்டுவந்தது. 2021-இல் ஃபின்ஏர் அதே வழியில் போய், அடிமட்ட பிசினஸ் கட்டணத்தில் செக்-இன் பெட்டி கொண்டுபோகும் உரிமையைக் கூட எடுத்துவிட்டது. விமானத்துக்குள் போனால் அதே இருக்கை, அதே படுக்கை, அதே சாப்பாடு. வெட்டப்பட்டதெல்லாம் விமானத்துக்கு வெளியே: லவுஞ்ச், முன்கூட்டி இருக்கை தேர்வு, தேதி மாற்றும் வசதி, பணம் திரும்பக் கிடைப்பது.

இது எங்கே எழுதியிருக்கிறது? நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்கினால், கட்டண வகைகளை அருகருகே வைத்து ஒப்பிடும் ஒரு அட்டவணை வரும். அதில் லவுஞ்ச் வரிசையில் ஒரு சின்னப் பெருக்கல் குறி இருக்கும். முகவரிடமோ விலை ஒப்பிடும் தளத்திலோ வாங்கினால் பல நேரம் அந்த அட்டவணையே கண்ணில் படாது. கைக்கு வரும் மின் டிக்கெட்டில் ‘பிசினஸ்’ என்ற சொல்லும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். அந்த எழுத்தை வைத்தும் முடிவுக்கு வர முடியாது. ஜே என்றால் பெரும்பாலும் முழுக் கட்டணம். சி, டி, ஐ, இசட் என்பவை இறங்குவரிசையில் மலிவானவை. நிறுவனத்துக்கு நிறுவனம் இதுவும் மாறும். லவுஞ்ச் உரிமையைத் தீர்மானிப்பது அந்த எழுத்து மட்டுமல்ல, கட்டண வகையின் பெயர். அந்தப் பெயர் போர்டிங் பாஸில் பெரும்பாலும் அச்சாவதே இல்லை. பிறகு எதைப் படித்திருக்க வேண்டும் அவர்?

வாசலில் இருக்கும் பெண்ணையும் திட்டாதீர்கள். பல ஊர்களில் அந்த லவுஞ்ச் விமான நிறுவனத்துக்குச் சொந்தமானதே இல்லை. வெளி நிறுவனம் நடத்துகிறது, உள்ளே விடும் ஒவ்வொரு தலைக்கும் விமான நிறுவனத்திடம் பணம் வாங்குகிறது. போர்டிங் பாஸின் பார்கோடை ஸ்கேன் செய்ததும் திரை சொல்வதுதான் முடிவு. விட முடியாத ஒருவரை விட்டால் அந்தக் கணக்கு அந்தப் பெண்ணின் தலையில் விழும். பேச வேண்டிய இடம் அது அல்ல, விமான நிறுவனத்தின் செக்-இன் மேசை. அங்கே கேட்டால் பணம் கட்டி உள்ளே போக வழியிருக்கிறதா என்றாவது தெரியும்.

“டிக்கெட் வாங்குகிறவர்தான் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும்” என்று என் நண்பர் ஒருவரே எழுதியிருக்கிறார். சரி. ஆனால் அடிக்கடி பறக்கும் நீங்களே தடுக்கி விழும் இடங்கள் எத்தனை இருக்கின்றன என்று யோசித்தீர்களா?

கணவர் பிசினஸில், மனைவி எகானமியில். இருவரும் ஒன்றாக லவுஞ்சுக்குப் போகலாம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் முடியாது. பிசினஸ் டிக்கெட் ஒருவருக்கு மட்டும்தான் கதவைத் திறக்கும். விருந்தாளி ஒருவரை அழைத்துப் போகும் உரிமை வருவது அடிக்கடி பறப்பவர்களின் தகுதி அட்டையிலிருந்து. விமான நிறுவனக் கூட்டணி ஒவ்வொன்றிலும் அதற்கு ஒரு பெயர்: ஸ்டார் அலையன்ஸில் கோல்டு, ஒன்வேர்ல்டில் சஃபையர், எமரால்டு, ஸ்கைடீமில் எலைட் பிளஸ். விசித்திரம் பாருங்கள், எகானமியில் போகும் கோல்டு அட்டைக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். முழுக் காசு கொடுத்த பிசினஸ் பயணி தன் மனைவியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது. இதை யார் அந்த வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?

நீண்ட விமானம் பிசினஸ், அதற்கு முன்னால் ஒரு மணி நேர இணைப்பு விமானம் எகானமி. முதல் ஊரில் லவுஞ்ச் உண்டா? ஒரு நிறுவனம் மொத்தப் பயணத்தைப் பார்க்கும், இன்னொன்று அந்த ஊரில் ஏறும் விமானத்தை மட்டும் பார்க்கும். இரண்டும் ஒரே டிக்கெட் எண்ணில் இல்லாமல் தனித்தனியாக வாங்கியிருந்தால் சிக்கல் இன்னும் கூடும். விமான நிறுவனம் நடத்தும் ஏலத்தில் தொகை கேட்டு எகானமியிலிருந்து பிசினஸுக்கு உயர்த்திக்கொண்டவர்களுக்கு இன்னொரு குழப்பம்: சில நிறுவனங்களில் இருக்கை மட்டும் உயரும், பெட்டியின் எடை வரம்பு பழைய எகானமி கணக்கிலேயே நிற்கும், லவுஞ்சும் சேராது. வேறு சிலவற்றில் எல்லாமே சேரும். கடன் அட்டையோடு வரும் லவுஞ்ச் உரிமை வேறு கதை. விமானம் புறப்பட மூன்று மணி நேரத்துக்குள்தான் விடுவார்கள் என்ற விதி பல இடங்களில் உண்டு. கூட்டம் நிறைந்தால் அட்டைக்காரர்களைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.

இத்தனை கிளைகள் உள்ள ஒன்றை ஒருவர் முதல் தடவையிலேயே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். புரியாவிட்டால் படம் எடுக்கிறோம்.

“இருக்கை கிடைத்ததல்லவா, லவுஞ்ச் இல்லாவிட்டால் உயிரா போய்விடும்?” என்பது அடுத்தது. உயிர் போகாது. தூக்கம் போகும். நள்ளிரவில் கிளம்பும் ஏழு மணி நேர விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறி, மேலே போய், சாப்பாடு பரிமாறித் தட்டு எடுக்க ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே காலை உணவுக்காக விளக்கைப் போட்டுவிடுவார்கள். மிஞ்சுவது மூன்று மணி நேரம். படுக்கைக்காகவே அவ்வளவு காசு கொடுத்தவர் மூன்று மணி நேரம் படுக்கிறார். இதற்குத் தெரிந்தவர்கள் செய்வது, லவுஞ்சிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஏறியதும் பணியாளரிடம் “இரவு உணவும் வேண்டாம், காலையிலும் எழுப்ப வேண்டாம்” என்று சொல்லிவிடுவது. மெத்தை விரிப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, போர்வைக்கு மேலே தெரியும்படி பெல்ட்டைப் பூட்டிக்கொண்டால் குலுங்கும்போது சரிபார்க்க எழுப்பவும் மாட்டார்கள். அப்போதுதான் ஐந்து மணி நேரம் கிடைக்கும். நீண்ட பயணத்தில் லவுஞ்ச் என்பது விமானத்துக்குள் கிடைக்கும் தூக்கத்தின் ஒரு பகுதி. நடுவில் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டிய வயதானவருக்கு அங்கே இருக்கும் குளியலறை ஒன்றே போதும். குளிக்க வேண்டுமென்றால் உள்ளே நுழைந்த உடனே மேசையில் பெயர் கொடுத்துவிட வேண்டும் என்பது தெரியாமல், கடைசி ஒரு மணி நேரத்தில் போய்க் கேட்டு, வரிசை நிரம்பிவிட்டது என்று திரும்புகிறவர்கள் எத்தனையோ பேர்.

உள்ளே போனவர்களுக்கும் சொல்லப்படாதவை இருக்கின்றன. பெரும்பாலான லவுஞ்சுகளில் விமான அறிவிப்பு ஒலிபெருக்கியில் வராது. அமைதிக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தால் விமானம் போய்விடும். திரையைப் பார்க்க வேண்டும், விமானம் ஏறும் கதவின் (கேட்) எண்ணைப் பார்க்க வேண்டும், அந்தக் கதவுக்கு ரயில் ஏறிப் போக வேண்டுமா, நடுவில் குடியேற்றச் சோதனை இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிட வேண்டும். கதவை விமானம் கிளம்பும் நேரத்துக்குப் பதினைந்து இருபது நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். லவுஞ்சில் எடுத்த தண்ணீர் பாட்டிலை அடுத்த ஊரின் பாதுகாப்புச் சோதனையில் பல இடங்களில் பிடுங்குவார்கள். 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற விதி அங்கே மறுபடி தொடங்கும்.

பணக்காரர்களின் பிரச்சினைக்கு எதற்கு இவ்வளவு நீளம் என்று கேட்கப் போகிறீர்கள். அந்தக் கேள்விக்கு என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பகுதியில் உட்கார்ந்திருப்பவர்களெல்லாம் பணக்காரர்கள் என்று யார் சொன்னது? முழங்கால் அறுவை முடிந்த அம்மாவுக்காக மகள் வருடக்கணக்கில் பறந்து சேர்த்த மைல் புள்ளிகளைக் கொடுத்து வாங்கிய இருக்கை இருக்கும். முதுகை நிமிர்த்தவே முடியாத அப்பாவுக்காக மகன் தவணையில் கட்டும் இருக்கை இருக்கும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2007-இல் சொன்னது. மொத்தத்தில் அது சிறிய அபாயம்தான், ஆனால் அறுவை ஆனவர்களுக்குச் சிறியது என்று சொல்லிவிட முடியாது. காலை நீட்டிப் படுக்க முடிகிற இருக்கை அவர்களுக்கு ஆடம்பரம் இல்லை. அவர்கள்தான் வாழ்நாளில் ஒரு தடவை இரண்டு தடவை இப்படிப் பறக்கிறார்கள். அவர்களுக்குத்தான் எதுவும் தெரியாது. அவர்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறீர்கள்.

இந்தச் சிரிப்பு வாசலோடு நிற்பதில்லை. விமானத்துக்குள் போனதும் அவர்கள் யாரையும் எதையும் கேட்க மாட்டார்கள். கேட்டால் சிரிப்பார்களோ என்ற பயம். இருக்கை படுக்கையாகும் பொத்தான் எது என்று தெரியாமல் பத்து மணி நேரம் நிமிர்ந்தே உட்கார்ந்து வருகிறவர்கள் உண்டு. பாதி வழியில் இருக்கை நின்றுவிட்டால் பணியாளரால் மின்சாரத்தை அணைத்துப் போட முடியும், கையால் இழுத்து இறக்கவும் வழியுண்டு. கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதைவிடப் பெரியது, கைப்பேசி இருக்கை இடுக்கில் விழுவது. விழுந்தால் இருக்கையை ஒரு விரற்கடை கூட அசைக்கக் கூடாது. படுக்கை மடங்கும்போது இயந்திரம் கைப்பேசியை நசுக்கும், லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். உடனே பணியாளரைக் கூப்பிட வேண்டும், அவர்கள்தான் எடுக்க வேண்டும். வெட்கப்பட்டுத் தானாகவே பொத்தானை அழுத்தித் தேடுகிற ஒருவரால் விமானத்தில் இருக்கும் முந்நூறு பேருக்கும் ஆபத்து. கேட்க அஞ்சும்படி மனிதர்களை ஆக்கியது யார்?

இருக்கையிலும் அதே கதைதான், சொல்லாமல் விற்பது. முழுதாகத் தட்டையாகும் படுக்கையை பிசினஸ் வகுப்பில் முதலில் வைத்தது பிரிட்டிஷ் ஏர்வேஸ், 2000-இல். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பிசினஸ் என்ற ஒரே பெயரில் 1-2-1 வரிசையும் (ஓரத்தில் ஒன்று, நடுவில் இரண்டு, மறு ஓரத்தில் ஒன்று, இடையில் நடைபாதை) விற்கிறார்கள், சில போயிங் 777-களில் 2-3-2 வரிசையும் விற்கிறார்கள். 2-3-2 நடு இருக்கைக்காரர் வெளியே வரப் பக்கத்துக்காரரைத் தாண்ட வேண்டும். 1-2-1 வரிசையிலும் பல வடிவங்களில் கால் வைக்கும் பொந்து முன் இருக்கைக்காரரின் மேசைக்கடியில் குறுகிப் போகும். கால் வலிக்காரருக்கு அதில் திரும்பிப் படுக்க முடியாது. பிரிவின் முதல் வரிசையில் அந்தப் பொந்து பெரும்பாலும் அகலமாக இருக்கும், ஆனால் குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் அங்கேதான், சமையல் பகுதியின் சத்தமும் பக்கத்தில்தான். வாங்கும் முன் ஏரோலோபா போன்ற தளத்தில் அந்த விமான வகையின் படத்தைப் பாருங்கள். கிளம்புவதற்கு முந்தைய நாள் மறுபடி பாருங்கள், ஏனென்றால் விமானத்தை மாற்றினால் உங்கள் இருக்கை எண்ணை அறிவிப்பே இல்லாமல் மாற்றிவிடுவார்கள்.

மாற்றுவதோடு விடாமல், இடமில்லை என்று எகானமிக்கே இறக்கிவிட்டால்? இங்கேதான் மக்கள் அதிகம் இழக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் ஒழுங்குவிதியில் பத்தாம் பிரிவு இதற்கென்றே இருக்கிறது. 1,500 கிலோமீட்டர் வரையான பயணத்துக்கு டிக்கெட் விலையில் 30 சதவீதம், 3,500 வரை 50, அதற்கு மேற்பட்ட நீண்ட பயணத்துக்கு, ஒன்றியத்துக்குள்ளேயே பறப்பதாக இல்லாவிட்டால், 75 சதவீதம், ஏழு நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும், ஐரோப்பிய நிறுவனத்தில் ஐரோப்பாவுக்கு வரும் விமானத்துக்கும் இது பொருந்தும். விமானக் கதவில் “அடுத்த பயணத்துக்கு வவுச்சர் தருகிறோம்” என்பார்கள். கையெழுத்துப் போடாதீர்கள். பயணி சம்மதித்துக் கையெழுத்திட்டால்தான் பணத்துக்குப் பதில் வவுச்சர் கொடுக்க முடியும். பழைய பிசினஸ் போர்டிங் பாஸை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுப்பதற்கு முன் இரண்டையும் படம் எடுத்து வையுங்கள். கைப்பேசியை வெளியே எடுக்க வேண்டிய இடம் அதுதான்.